கெர்ஹார்ட் பெயரில் ஓர் அருச்சனை

விம்பிள்டன்
17.1.1988

அன்பு மகள் சிவமலருக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அண்ணன் எழுதவில்லை, அப்பாவேதான். கோணல் எழுத்தைப் பார்த்தே நீ கண்டுபிடித்திருப்பாய். கமலாம்பிகை ரீச்சர் சனிக்கிழமைகளில் சொல்லித் தந்ததெல்லாம் வீண்போகவில்லை. உன் கடிதத்தையும் நானே வாசித்தேன். முதல் தடவை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மறு தடவை அழுதுகொண்டு வாசித்தேன்.

பேரன் மாதம் நிறையாமல் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. பால் குடிக்கிறானா? மூச்சு சீராக வருகிறதா? விசா அலுவல் முடியும்வரை இந்த நாட்டை விட்டு நான் அசைய முடியாது.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலில் அவனுக்கு அருச்சனை செய்வித்தேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பூசம் என்று சொன்னேன். பெயர்தான் வாயில் வரவில்லை. பிறந்து முப்பத்தோராம் நாள் கழியுமுன்னே கெர்ஹார்ட் என்று பதிந்துவிட்டீர்களே! பிள்ளையாருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? வேலாயுதம் என்று என் ஐயா, உன் அப்பப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். மூத்த பேரனுக்கு அந்தப் பெயர் வரும் என்று இருந்தவன் நான்.

கெர்ஹார்ட் என்றால் என்ன பொருள்? பொருள் தெரியாமல் ஒரு பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது?

கை நோகிறது. சந்தோசமாகத்தான் நோகிறது. உடனே பதில் எழுது.

உன் அப்பா,
வே. தில்லையம்பலம்


ஸ்ருட்காட்
ஜெர்மனி
25.1.1988

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைக் கண்டதும் மாடிப்படியிலேயே இருந்து வாசித்தேன். கோவில் சங்கதி வந்ததும் அந்தச் சந்தோசம் போய்விட்டது.

பிள்ளையின் நிறை இன்னும் குறைந்திருக்கிறது. பெட்டியின் ஓட்டைக்குள்ளால் கையை விட்டுத்தான் தொடலாம். தொட்டுக்கொண்டு கெர்ஹார்ட் என்றுதான் கூப்பிடுகிறேன். தாதிமாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நீங்கள் வேறு ஒரு பிள்ளைக்காகக் கேட்டிருக்கிறீர்கள், அப்பா. அது யாருக்குப் போய்ச் சேரும்? என் பிள்ளைக்காக யார் கேட்பார்கள்?

அது நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரரின் பெயர். எனக்குப் பிரசவ நோ கண்ட அன்று உங்கள் மருமகன் வேலைக்குப் போயிருந்தார். வெளியே முழங்காலளவு பனி. எழுபது வயது மனிதர் தன் பழைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு, நான் அழக்கூடாது என்று வழிநெடுகப் பாடிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குப் பெயர் கேட்டார்கள். தங்குவானா என்று தெரியாத நேரம். பெயர் இல்லாமலே போய்விடுவானோ என்று பயந்தேன். அந்தப் பெயரைச் சொன்னேன்.

பொருள் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். பொருள் பார்த்துத்தான் அவன் உங்களுக்குப் பேரனா?

சிவமலர்


விம்பிள்டன்
6.2.1988

அன்பு மகளுக்கு,

நீ கோபித்தது சரி.

எதிர்வீட்டு ஹன்னா அம்மா ஜெர்மனியில் பிறந்தவர். யூதர், உலக யுத்தத்துக்கு முன் சிறுபிள்ளையாகத் தப்பி வந்தவர். மொழிபெயர்க்க உன் அண்ணன் பாலேந்திராவைக் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் கேட்டேன். பெயரைச் சொன்னதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"கெர் எண்டால் ஈட்டியாம் அப்பா. ஹார்ட் எண்டால் உறுதி. ஆயிரம் வருசத்துக்கு மேற்பட்ட பெயராம்," என்றான் உன் அண்ணன்.

"ஈட்டியோ? எங்கடை வேல் மாதிரியோ?"

"ஓம், வேல்தான். ஏன் இப்பிடி முழிக்கிறியள்?"

பிரபுக்களும் வைத்த பெயராம், உழவர்களும் வைத்த பெயராம். ஹன்னா அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது தெருவில் நின்று கெர்ஹார்ட் என்று கூப்பிட்டால் நாலு ஜன்னல் திறக்குமாம். ஒரு ஜன்னலில் அவருடைய தம்பி நிற்பானாம். அவன் தப்பி வரவில்லை. இப்போது கிழவர்களிடம்தான் அந்தப் பெயர் இருக்கிறதாம், புதுப் பிள்ளைகளுக்கு யாரும் வைப்பதில்லையாம். உன் மகனுக்கு வைத்ததைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று மறுபடியும் கோவிலுக்குப் போனேன்.

"பெயர்?"

"கெர்ஹார்ட்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"கெர்ஹார்ட், ஐயா. பூச நட்சத்திரம்."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். ஐயர் சிரிக்கவில்லை. மந்திரத்துக்கு நடுவே அந்தப் பெயரைத் திருத்தமாகச் சொன்னார். வேலும் ஈட்டியும் ஒன்றென்றாலும், இந்த முறைதான் உன் பிள்ளைக்காகக் கேட்டேன்.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனபின்னும் வாசலிலேயே நிற்கிறேன். நீளமாக எழுத வேண்டாம். இருக்கிறான் என்று மட்டும் எழுது. அந்த ஒரு சொல்லை நான் எழுத்துக் கூட்டாமல் வாசித்துவிடுவேன்.

அப்பா


ஸ்ருட்காட்
27.2.1988

அப்பா,

இருக்கிறான்.

இவ்வளவு நாளும் அந்தச் சொல்லை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. எழுதி அனுப்பியபின் பொய்யாகிவிட்டால்? நேற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உங்கள் மருமகன் அவன் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னார். மூன்றாம் தரம் தும்மினான்.

பதியுமுன் வீட்டுக்காரரிடம் பொருள் கேட்டிருந்தேன். கைக்குடையை நீட்டி ஈட்டி என்று காட்டினார். எனக்கு அப்பப்பாவின் நினைவு வந்தது. உங்களுக்கு ஆசையாக எழுதவென்று வைத்திருந்ததைத்தான் கோபத்தில் மறைத்தேன்.

உங்கள் கடிதத்தில் இருந்ததை வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அருச்சனை எந்தக் கிழமை என்று கேட்டார். அந்த வெள்ளியிலிருந்து தன் முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். பிள்ளைக்கு வந்ததைத் தான் எடுத்துவிட்டேனோ என்று மனிதருக்கு ஒரே கவலை. பெயர் ஒன்றென்றாலும், அப்பா பூசம் என்று சொல்லித்தான் செய்வித்தார் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கிறார் இல்லை.

அதனால், அப்பா, வருகிற வெள்ளி இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் செய்வியுங்கள். அவருடைய நட்சத்திரத்தை ஐயர் பார்த்துச் சொல்வார். பிறந்தது 1917 ஒக்ரோபர் 3, விடியற்காலை.

உங்கள் அன்பு மகள்,
சிவமலர்