கொட்டில் மான்கள்

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
ஆவணி வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி மாதங்கிக்கு, உன் தாய் அனந்தலக்ஷ்மி ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். தெருவில் மழைநீர் இன்னும் வடியவில்லை. ஜெர்மனியில் உன் இருமல் குறைந்ததா என்று அப்பா கேட்கச் சொன்னார். அவருக்காக அதைக் கேட்டாயிற்று. நான் எழுதுவது கோபத்தில்.

சென்ற ஏகாதசியன்று நம் பஜனை மண்டலியில் திரை கட்டி, அங்கிருந்து நீ பேசிய உரையைக் கேட்டோம். நீ தோண்டிய பழைய ஊரில் மான்களைக் கொட்டிலில் அடைத்து வளர்த்தார்கள், எருவிட்ட வயலின் தானியத்தை அவை தின்றதை எலும்பிலுள்ள நைட்ரஜன் காட்டுகிறது என்றாய். அத்துடன் நிறுத்திக்கொண்டாய். மண்டலிச் செயலாளர் வைத்தீஸ்வரன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுவாரம் என் உபந்யாசத்தில், ஆசிரமத்தில் முனிவர் கையிலிருந்து மான் தானியம் உண்டதற்கு என் மகளே சாட்சி கண்டெடுத்தாள் என்று சுவாமி சன்னிதியில் சொன்னேன். மாமா அதை ஆண்டு மலரில் அச்சிட எடுத்துக்கொண்டார்.

நேற்று, மியூசியத்தில் வேலை செய்யும் பக்கத்து ஃபிளாட் வங்காளிப் பையன் தீபக் உன் ஆய்வுக் கட்டுரையை முழுவதும் படித்துவிட்டு வந்தான். பல் தேய்மானத்தைப் பார்த்தால் ஆண் குட்டிகள் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் கொல்லப்பட்டனவாம். எலும்புகளில் கத்திக் கீறல்களாம். மாமி என்பதற்கு அவர்கள் வழக்கப்படி மாஷிமா என்று என்னை அழைத்து, அது ஆசிரமமில்லை, கறிக்கு வளர்த்த பட்டி என்று சிரித்தான். உரையில் ஏன் மறைத்தாய் என்று உனக்கு எழுதிக் கேட்டானாம். அம்மாவுக்குத் தாங்காது என்றாயாம்.

யார் சொன்னது உனக்கு? முனிவர்கள் எந்தத் தோலின்மேல் அமர்ந்தார்கள்? உன் தம்பி சிவராமின் உபநயனத்தில் பூணூலில் கட்டிய மான்தோல் துண்டை நான்தான் வாங்கி வந்தேன். அது மரத்தில் காய்த்ததென்று எண்ணினேனா? சங்கச் செய்யுள்களை உனக்குச் சொன்னபோது, மானிறைச்சி சுடும் புகை எழும் அடிகளைத் தாண்டிச் சென்றேனா? என் பக்தியைச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும் குழந்தையாக்கிவிட்டாய். உன் மௌனத்தை நம்பித் தெய்வத்தின் முன் பொய் சொன்னேன். அந்த மான்களை வெட்டியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உன்மேல்தான் ஆறவில்லை.

மலரில் அந்தப் பக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். எதற்கு மாமி இந்த ரகளை, பெண்ணின் பேரும் உங்கள் பேரும் சேர்ந்து கெடும் என்றார் மாமா. கெடட்டும். அடுத்த சனிக்கிழமை மாலை அதே திரையில் வந்து மீதியைச் சொல். கீறல் விழுந்த எலும்பின் படத்தையும் காட்டு. எழுந்து போகிறவர்கள் போகட்டும். நான் முன்வரிசையில் இருப்பேன். முடிவில் மங்களம் பாட வேண்டியவள் நான், பாடுவேன்.

அம்பாள் உன்னைக் காக்கட்டும். தூரதேசத்தில் வேறு எது நேர்ந்தாலும், இவள் தாங்குவாளா என்று எடை போடாமல் என்னிடம் சொல்லம்மா.

இப்படிக்கு,
உன் தாய்
அனந்தலக்ஷ்மி