கோலத்துக்கு அடியில் போன அம்புக்குறி

கோட்டூர்புரம்,
மார்கழி, வியாழக்கிழமை

அன்பு மகள் சுலோச்சனாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தம்பி செம்பியனும் உன் மகள் பொன்மணியும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று முண்டகக்கண்ணி அம்மனுக்கு வெள்ளிக்கிழமை தோறும் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்லிவிடுகிறாய், பிறகு டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, எதிர் பிளாக் துரைராஜ் லீவு முடிந்து அங்கே திரும்பும்போது கையில் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து, நிதானமாகப் படி.

இந்த வருஷம் மழைக்கு ஆறு ஏறி வந்தது, நம் பிளாக் படிக்கட்டைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனது. வீட்டுக்குள் வரவில்லை. செம்பியன் பழைய கம்பெனியை விட்டுவிட்டு மேற்கு மாம்பலத்தில் ஒருவரிடம் டெம்போ ஓட்டுகிறான், வேளைக்குச் சாப்பிடுவதில்லை, நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான். மூட்டு வலிக்கு நீ அனுப்பின தைலம் தீர்ந்துவிட்டது, அவசரமில்லை.

இனி பொன்மணி விஷயம். தீபாவளி அன்று நீ போனில் போட்ட கண்டிஷன் எனக்கு மறக்கவில்லை. மார்கழியில் நடக்கிற ஓட்டத்தில் பெண் பிள்ளைகளில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் ஓடட்டும், இல்லையென்றால் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் காலேஜ் விட்டதும் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகட்டும் என்றாய். அவளும் சரி என்றாள். வயசுப் பெண் ஆள் இல்லாத காட்டு வழியில் ஓடுகிறாளே என்று நீ பயந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு ஓடுகிற அடையாறு குரூப் வேனில் நானும் ஏறிப் போய்க்கொண்டு இருந்தேன். நீ நினைக்கிற மாதிரி அது காடு இல்லை. திருப்போரூர் தாண்டி இறங்கினால் முதலில் ஏரிக்கரை, ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பனைமரம். கரை இறங்கினால் வயல், இப்போது கதிர் பால் பிடித்து நிற்கிறது, வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட முடியும். அதைத் தாண்டினால் அல்லிக் குளம், ஒரு சின்ன ஊர், அப்புறம் சவுக்குத் தோப்பு. தோப்புக்குள் கால் வைத்தால் சத்தமே கேட்காது, ஊசி இலை மெத்தை மாதிரிக் கிடக்கும். ஓடுகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படுமா என்று கேட்டேன், பொன்மணி சொல்கிறாள், இன்னா ஆயா, அத்த பாக்கத்தான ஓடறதே, பிரிட்ஜு மேல ஓடுனா ஆத்து நாத்தம்தான் கூடவே ஓடி வருதுன்னு. வேனில் வருகிற பெரிய படிப்புக்காரர்கள் எல்லாரும் என்னைப் பொன்மணி ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கென்று ஒரு பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு அந்த ஓட்டம் நடந்தது. உன் மகள் முதல் மூன்றில் வரவில்லை. கடைசியாக வந்தாள். நடந்ததைச் சொல்கிறேன், கேள். வழி தெரிவதற்காகக் குரூப்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே போய், திரும்புகிற இடங்களில் எல்லாம் வெள்ளை மாவால் அம்புக்குறி போட்டுவிட்டு வந்தார்கள். ஏரிக்கரையில் போட்டது இருந்தது, வரப்பில் போட்டது இருந்தது. ஊருக்குள் முச்சந்தியில் ஒரு வீட்டு வாசலுக்கு நேரே போட்டது மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? மார்கழி மாதம் வாசலில் நேற்றைய மாவு கிடந்தால் எந்தப் பெண்பிள்ளை விட்டுவைப்பாள்? நானாக இருந்தாலும் கூட்டிச் சாணி தெளித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அந்த வீட்டு அம்மாவும் அதைத்தான் செய்திருக்கிறாள், தெருவை அடைத்துத் தேர்க்கோலம் போட்டு நடுவில் பூசணிப்பூ வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். குரூப்காரர்கள் வீட்டு வாசலில் எல்லாம் ஸ்டிக்கர் கோலம், ஒட்டினால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், அவர்களுக்கு இது தோன்றவில்லை.

ஆண்களுக்கு முன்பே பெண்களை ஓட விட்டிருந்தார்கள். பொன்மணி மற்ற பெண்களை எல்லாம் வெகு தூரம் பின்னால் விட்டுவிட்டு முதல் ஆளாக அங்கே வந்திருக்கிறாள். கோலத்தை மிதிக்கக் கூடாது என்று ஓரமாக நின்று, அக்கா எந்தப் பக்கம் போவணும்னு கேட்டிருக்கிறாள். அந்த அம்மா இவள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கா ஓடறே, அய்யோ இப்பத்தான் ஆரன் சத்தம் கேட்டுச்சு, சோத்துக்கை பக்கம் ஓடு ஓடுன்னு விரட்டியிருக்கிறாள். இவளும் ஓடிவிட்டாள். தோப்பு இருப்பது பீச்சாங்கை பக்கம். பஸ் ஸ்டாப்பையும் தாண்டி உப்பளம் வரை போய்விட்டாள், அங்கே மழைத் தண்ணீரும் கொக்கும்தான், மனுஷர் இல்லை. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் பாவப்பட்டு, வண்டில ஏறிக்கம்மா, ஓட்டம் முடியற கோட்டாண்ட எறக்கி வுட்டுடறேன், யாருக்குத் தெரியப்போவுதுன்னு சொன்னாராம். எனுக்குத் தெரியும்ணான்னு சொல்லிவிட்டு முச்சந்திக்குத் திரும்ப ஓடி வந்து, தோப்பு வழியாகவே முழுதும் ஓடி முடித்தாள். இவள் உப்பளம் பக்கம் போயிருந்தபோதே குரூப் ஆள் ஒருவர் முச்சந்தியில் வந்து நின்று கை காட்டியதால் மற்றவர்கள் யாரும் வழி தவறவில்லை. இவள் வந்து சேரும்போது, ஓட்டம் முடிகிற இடத்தில் போட்டிருந்த பந்தலைப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள், பொங்கல் பாத்திரம்கூட வேனில் ஏறிவிட்டது. குரூப்காரர்கள் தப்பு எங்களுடையது என்று கைகூப்பினார்கள், ஒரு மெடலும் போட்டார்கள். பொங்கல் பாத்திரம் தூக்கினவர் கழுத்திலும் அதே மெடல் தொங்கியது, அதனால் அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

வேனில் வரும்போது என்னிடம் சொன்னாள், ஆயா, அம்மாவாண்ட கோலம் கீலம்னு கத சொல்லாத, சாக்கு சொல்றேன்னு நெனச்சிக்கும், தோத்துட்டேன்னு மட்டும் சொல்லு. நான் இரண்டையும் எழுதிவிட்டேன், எதை வைத்துக்கொள்வாயோ வைத்துக்கொள். வீட்டுக்கு வந்ததும் நான் சொல்லாமலே ஷூவைக் கழுவிக் காயவைத்து உன் தகரப் பெட்டியில் வைத்துவிட்டாள். அழவில்லை. ஆனால் விடியாமல் எழுந்திருக்கிற பழக்கம் போகவில்லை. எழுந்து கீழே போய்த் தண்ணீர் பிடிக்கிறாள். குடம் எல்லாம் நிறைந்த பிறகும் மேலே வராமல் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் கூப்பிட்டால்தான் வருகிறாள். நேற்று கம்ப்யூட்டர் கிளாஸ் எங்கே என்று மந்தைவெளியில் விசாரித்துக்கொண்டு வந்தாள். உன் பேச்சை மீறுகிற பெண் இல்லை, அது உன் வளர்ப்பு, கொஞ்சம் என் வளர்ப்பும்.

நீ வேளைக்குச் சாப்பிடு, பிரஷர் மாத்திரையை விடாதே, ஏசி ரூமில் வெறும் தரையில் படுக்காதே. அம்மன் துணையில் நோய் நொடி இல்லாமல் இருந்து நல்லபடியாக ஊர் வந்து சேர். ஒன்றே ஒன்று மறக்காதே. இந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார், பொன்மணி காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறேன். பெட்டியில் வைத்த ஷூ அடி தேய்ந்து விரல் வெளியே தெரிகிறது, காலேஜுக்குப் போடுகிற செருப்பும் வார் அறுந்துவிட்டது. எப்படியும் காலுக்கு ஒன்று வாங்கத்தான் வேண்டும். அங்கே இருக்கிற துரைராஜின் சிநேகிதன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறானாம், அவனிடம் கொடுத்து அனுப்பு. போதும் என்று தோன்றினால் செருப்பு வாங்கு, ஓடட்டும் என்று தோன்றினால் ஷூ வாங்கு. அளவு ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பொன்மணி ஆயா