விடுப்பு நாளில் அடித்த அட்டை

அன்புள்ள சிசுரு,

இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது, நானும் உன் அம்மாவும் நலம். ஜப்பானைவிட ஜெர்மனியில் குளிர் இன்னும் கடுமையாக இருக்கும், கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறாயா? எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே குறித்துக்கொள்கிறேன்: 1. கம்பெனியின் நிலை. 2. நான் செய்த பிழை. 3. அதற்காக நான் வேலையை விடுவதே சரி. 4. முள்ளங்கி ஊறுகாய்.

கார் கம்பெனிகளின் ஆர்டர் நின்றுபோனதால் எங்கள் ஸ்பிரிங் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மற்ற இரண்டு நாளும் ஏழு பேருக்கும் சம்பளத்தோடு விடுப்பு. அதில் பெரும்பகுதியை அரசு உதவியாகத் தருகிறது, ஆனால் விடுப்பு நாளில் யாரும் வேலை செய்யக் கூடாது, செய்தால் உதவி நின்றுவிடலாம். உதவி நின்றால் ஒருவரையாவது வேலையைவிட்டு அனுப்ப வேண்டியிருக்கும் என்று முதலாளியம்மா முரோய் சொல்லியிருந்தார். கடைசியாகச் சேர்ந்தவன் ஒகாதா, இரண்டு குழந்தைகளின் தகப்பன்.

போன வியாழன் விடுப்பு. குளிரில் இயந்திரம் துருப்பிடித்துவிடுமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னிடம் சாவி இருந்தது, எண்ணெய் போட்டுவிட்டு வரலாம் என்று போனேன். பழக்க தோஷத்தில் கை தானாக வருகை அட்டையை எடுத்து, நேரம் அச்சிடும் கடிகாரத்தில் செருகிவிட்டது. ஏழு ஐம்பத்திரண்டு என்று அச்சு விழுந்தது. திரும்பும்போதும் அடித்தேன், பாதியில் விடுவது முறையாகத் தோன்றவில்லை.

மறுநாள் ஒகாதா அதைப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டு வருஷமா ஒரு நாள் லேட் இல்ல. லீவு நாள்லயாவது லேட்டா வரக் கூடாதா, ஹிரோசே சான்?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிழிச்சிட்டு வேற அட்டை எழுதிரலாம், யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். நான் அதை முதலாளியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு, நடந்ததைச் சொல்ல உதவி வழங்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனார். நாளை பதில் வரும். எதுவானாலும் போக வேண்டியவன் நான்தான், ஒகாதா அல்ல. ராஜினாமாக் கடிதம் எழுதி உறையிலிட்டுவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, தொலைபேசியில் உளறிவிடாதே.

ஊறுகாயைத் தனிப் பொட்டலமாக அனுப்புகிறோம், வந்ததும் குளிர்பெட்டியில் வை. உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா,
ஹிரோசே கென்சாகு

பி.கு. திங்கள் மாலை. உதவித் தொகையில் என்னுடைய அந்த ஒரு நாளை மட்டும் அலுவலகத்தில் கழித்துவிட்டார்கள், மற்றபடி உதவி தொடரும். முதலாளியம்மா உறையைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார். "முதல்ல ஆர்டர் வரட்டும். அப்புறம் உங்கள ஆற அமர உக்காந்து திட்டணும். அதுவரைக்கும் எங்கயும் போகக் கூடாது" என்றார். சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். ஆகவே மூன்றாவது குறிப்பு தவறு. அதை அடித்துவிட்டு வாசி.