அரிசிச் சாக்கு நூலில் வலை பின்னியவளுக்கு

இன்று காலை அரிசிச் சாக்கைத் திறந்தேன். வாயில் தைத்திருந்த நூல் ஒரே இழுவையில் கழன்று வந்தது. பழக்கத்தில் விரலில் சுற்றிவிட்டேன். பிறகுதான், கொடுக்க நீ இல்லை என்று உறைத்தது. குசினியில் நின்று அழுதேன்.

டண்டினோங்கில் நாம் சேர்ந்திருந்த வீட்டுக்கு யார் வந்தாலும் நீ இந்த நூலைத்தான் கேட்பாய். கடைக்காரரிடம் வெங்காயச் சாக்கின் சிவப்பு வலையையும் வாங்கி வந்து, கீறி, தொடையில் உருட்டித் திரிப்பாய். உனக்கு விசர் என்பேன். அகதியாகப் படகில் இந்த நாட்டுக்கு வந்த உனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பகல் முழுவதும் அதுதான் வேலை. கதவளவுக்கு ஒரு வலை வளர்ந்தது. வாகரையில் உன் அப்பா மீன்வலைக்குப் போட்ட அதே முடிச்சு. அடி ஓரத்தை மட்டும் கட்டாமல் விட்டிருந்தாய். "எந்தக் கரையில நிண்டு முடிக்கிறதெண்டு விசாக்காரங்க இன்னும் சொல்லல்லையேகா" என்றாய்.

நம்மவர்கள் ஊர் கேட்டால் சும்மா கேட்கமாட்டார்கள், சாதியை அறியத்தான் கேட்பார்கள். நீ மட்டக்களப்புப் பக்கம் என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்வாய். 2014இல் சமூக மண்டபத்துக் கண்காட்சியில் அந்த வலையைத் தொங்கவிட்டோம். பக்கத்தில் புல்லுக் கூடைகள் வைத்திருந்த, இந்த நாட்டுப் பூர்வகுடிப் பெண் வந்து தொட்டுப் பார்த்தாள். விசாவைக் கேட்கவில்லை, படகைக் கேட்கவில்லை. உன் சனம் யார் என்று கேட்டாள். வேடர், எங்கள் நாட்டின் பூர்வகுடி என்றாய். ஒரே வீட்டில் இருந்த எனக்கே அன்றுதான் தெரியும்.

உடனே போய், வலைக்குக் கீழே உள்ள அட்டையில் அதையும் எழுதச் சொன்னாய். தமிழரைப் பிரித்துக் காட்ட வேண்டாம் என்றார் கண்காட்சியை ஒழுங்கு செய்த அங்கிள்.

"தமிழ் எண்டும் போடுங்க, வேடர் எண்டும் போடுங்க. ரெண்டும் நான்தான்."

அவர் மசியவில்லை. நீ வலையைக் கழற்றிச் சுருட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய்.

அடுத்த குளிருக்குள் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது. விசா வரவேயில்லை. இறுதிக் கிரியையில் ஐயர் கோத்திரம் கேட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்கிற வழக்கப்படி, சிவ கோத்திரம் என்றார் யாரோ. என் கையில் இருந்த போனில் வாகரையிலிருந்து உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்தா.

"வேடர் புள்ள எண்டு சொல்லி அனுப்பச் சொல்லு மகள். இல்லாட்டி முன்னம் செத்துப்போன எங்கட ஆக்கள் அங்க அவள எப்பிடிக் கண்டுபிடிப்பாங்க?"

நான் எழுந்து சத்தமாகச் சொன்னேன். அந்த அங்கிளும் அங்கே இருந்தார். ஐயர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உன் பெயரோடு சேர்த்து அதையும் சொன்னார்.

அம்மா இப்போது ஞாயிறுதோறும் எனக்குப் போன் எடுக்கிறா. சாப்பாட்டைக் கேட்கிறா, குளிரைக் கேட்கிறா. யாழ்ப்பாணத்தில் என் சொந்தம் யார் என்று இதுவரை கேட்டதில்லை. போன கிழமை பேச்சின் நடுவில், "நீ எங்கட ஆள்தானே" என்றா.

ஓம் அம்மா என்றேன்.