கியருக்குப் பக்கத்தில் என் இடம்

மாப்ளே,

உன் மகள் அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்ததும் மதுரை வீட்டுக் கூடம் முழுக்க ஏலக்காய் மணம். கூடவே ஒரு துண்டுத் தாள். "மாமா, அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்ல. இருந்த கல்யாணப் போட்டோவையும் கரையான் அரிச்சிருச்சு. நீங்கதான் வரஞ்சு தரணும்." நீ போனபோது அவள் தொட்டில் பிள்ளை. அவள் அம்மாவும் போன வருடம் போய்விட்டாள். உன் முகத்தை அவள் கேட்டு வாங்க இனி நான் ஒருவன்தான் மிச்சம்.

எனக்குப் பயமாக இருந்தது. அன்று உன்னிடம் மறைத்ததை இன்று சொல்கிறேன். எனக்கு முகம் வரைய வராது.

எழுபதுகளின் கடைசியில், ராசிங்காபுரத்திலிருந்து போடி வந்து, உன் ஜீப்பில்தான் வாராவாரம் குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவேன். நீ ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் நோட்டைத் திறந்துவிடுவேன். நோட்டு நோட்டாக உன் ஜீப்புதான். ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"எல்லாத்துலயும் வண்டி மட்டும் நிக்குது. அப்ப வண்டிய என்ன, பேயா ஓட்டுது?"

"மூஞ்சிக்கு என்ன மாப்ளே அவசரம்? அடுத்த வாரம் வரையிறேன்" என்றேன்.

அப்படியே ஏழெட்டு வருடம் கடத்தினேன். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலக் காய்ச்சல் நாலே நாளில் உன்னைக் கொண்டுபோயிற்று. அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது டேப்லெட் திரையில், பேனா மாதிரி ஒரு குச்சியால் வரைகிறேன். கார் படம் என்றால் என்னைத் தேடி வருகிறார்கள். உன் ஜீப்பை ஒரு மணி நேரத்தில் போட்டுவிட்டேன். இடது மட்கார்டு நெளிசல்கூடத் தப்பவில்லை. முகம்தான் வரவில்லை. பத்து நாள் வரைந்து வரைந்து அழித்தேன். காகிதமாக இருந்தால் ஓட்டை விழுந்திருக்கும்.

தப்பு எங்கே என்று பிறகுதான் உறைத்தது. உன்னை நான் எதிரே நின்று பார்த்ததே குறைவு. முன்சீட்டில் நாலு பேர். உன் பாதி உடம்பு வண்டிக்கு வெளியே. உன்னை ஒட்டி, கியருக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நான். ஒவ்வொரு வளைவிலும் உன் குரல் வரும்: "காலை ஒடுக்கு மாப்ளே, கியரு போடணும்."

ஜீப்பை அழித்துவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்தபடி உன்னை வரைந்தேன். இடது காது, தாடை மச்சம், கழுத்தில் சுற்றிய துண்டு, கியர்க் குமிழில் கை. அந்தக் குமிழைத் தவிர வண்டி தெரியாமல் நான் வரைந்த முதல் படம்.

படம் கிடைத்ததும் உன் மகள் போன் செய்தாள். "அப்பா பக்கத்துல நானே ஒக்காந்திருக்க மாதிரி இருக்கு மாமா" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் கார்களில் என்னை முன்சீட்டில் தாராளமாக உட்கார வைக்கிறார்கள். கியர் எங்கோ தள்ளி இருக்கிறது. ஆனாலும் மலை வளைவு வந்தால் என் முழங்கால் தானாக ஒடுங்குகிறது, உன் கைக்கு இடம் விட்டு.