மேலுதட்டில் ஒட்டிய காகிதம்

அக்கா,

இன்று காலை என் மகன் மேலுதட்டில் செய்தித்தாள் துணுக்கு ஒன்றை ஒட்டிக்கொண்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தான். துணுக்கின் நடுவில் ஒரு பொட்டு ரத்தம். பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு துள்ளல். உங்களிடம் சொல்லக் கரண்டியும் கையுமாக அடுக்களைக்குள் ஓடினேன். உள்ளே போன பிறகுதான் நினைவு வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு தீபாவளி ஆகிவிட்டது, என் கால்களுக்கு இன்னும் அது தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ரகசியமாகக் கடைக்குப் போன அந்தத் தீபாவளி நினைவிருக்கிறதா? அப்போது இவன் தொட்டிலில் கிடந்தான். நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். வீட்டில் வளர்ந்த பையன்கள் மூன்று பேர். உங்கள் பாஸ்கர், ரவி, அப்புறம் செல்வம். நம் நாத்தனார் இறந்து, அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டு எட்டிப் பார்க்காமல் போனதால், பதினொரு வயதில் நம்மிடம் வந்த பிள்ளை. மாமா வருஷா வருஷம் ஒரே துணியில் பேரன்கள் மூவருக்கும் சட்டை தைத்துவிடுவார். "ஆளுக்கொரு மாதிரி எடுத்தா, தாயில்லாப் பிள்ள மனசு கோணும்லா" என்பார். நல்ல மனசுதான். ஆனால் பதினாறு வயதில் மூன்று பேரும் ஒரே பூப்போட்ட சட்டையில் தெருவில் இறங்கினால் எப்படி இருக்கும்?

"எம்மா, நாங்க என்ன பேண்டு செட்டா?" என்று ரவி உங்களிடம் சண்டைக்கு வந்தான். சட்டையில் கை வைக்க முடியாது, மாமா இருக்கிறார். அதனால் ஆளுக்கொரு பரிசு தனியாக வாங்குவோம் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். விலை குறைவாக, மூன்றும் ஏறக்குறைய ஒரே விலையாக இருக்க வேண்டும், ஆனால் அவனவனுக்கு என்றே வாங்கியதாகவும் இருக்க வேண்டும். பாஸ்கருக்கு சைக்கிள் டைனமோ. ரவிக்கு கார்க் பந்து, கிளவுஸ். செல்வத்திடம் கேட்டால், "எதுனாலும் சரித்தே."

அவன் எப்போதும் அப்படித்தான். இன்னொரு தோசை வேண்டுமா என்றாலும் அதே பதில். நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டதே இல்லை. அது உங்களை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. "விருந்தாளி மாதிரியே இருக்கானேட்டி" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்.

ஒருநாள் அவன் மேலுதட்டில் காகிதத் துணுக்கைப் பார்த்தீர்கள். குளியலறைச் சுவரின் மேல் மாமா போட்டு வைத்த பழைய பிளேடை வெறும் விரலில் பிடித்துச் சுரண்டியிருக்கிறான். ஆண்களிடம் சொன்னால், "ஏலே, மீசை வந்துருச்சோ?" என்று வீடே கூடிக் கிண்டலடிக்கும். நீங்கள் என் காதில் மட்டும் சொன்னீர்கள்: "நாமளே வாங்கிருவோம்."

நம்மூர் ராஜபாளையத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் சாயங்காலத்துக்குள் மாமாவுக்குத் தெரிந்துவிடும். புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிடப் போகிறோம் என்று கிளம்பினோம். பொய் இல்லை, மலை ஏறிக் கும்பிட்டோம். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கம் ஒரு கடை. சவரச் சாமான் என்று கேட்பதற்குள் நான் இரண்டு ரிப்பன், ஒரு சீப்பு வாங்கிவிட்டேன்.

"வீட்டுக்காரருக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாண்ணே. மொதத்தடவ சவரம் பண்ணப் போறாவ" என்றீர்கள் நீங்கள்.

அந்த மனுஷர் உங்கள் நரைத்த காதோரத்தை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். பஸ் ஏறியும் நமக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் ரேசர், பிரஷ், சோப்புக் கிண்ணம். மடியில் வைத்துத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தோம்.

தீபாவளியன்று மற்ற இரண்டு பேருக்கும் கையில் கொடுத்தோம். செல்வத்துக்கு மட்டும் அவன் பெட்டியில் சட்டைக்கு அடியில் வைத்தீர்கள். அன்று முழுக்க அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் இல்லை. "தப்பா நெனச்சுட்டானோ? நாம பாத்துட்டோம்னு கூசிப் போயிட்டானோ?" என்று நீங்கள் சோற்றையே தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை அடுக்களை வாசலில் வந்து நின்றான். காது வரைக்கும் சோப்பு நுரை. கையில் ரேசர்.

"பெரியத்தே" என்றான். ரேசரை நீட்டினான். "ஒரு பிளேடு வேணும்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். மற்ற எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கிய நாம் அதை மறந்தே போயிருந்தோம். இரண்டு நாளாக அவன் வெறும் ரேசரை வைத்துக்கொண்டு முழித்திருக்கிறான். "ஏலே, இருலே" என்று சொல்லிவிட்டு, மாவுக் கையைக்கூடக் கழுவாமல் தெருமுக்குக் கடைக்கு ஓடினீர்கள். நீங்கள் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பிளேடை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினீர்கள். உங்கள் கண் நிறைந்திருந்தது.

"கேட்டுட்டான் பாத்தியாட்டி."

பிறகு அவன் சட்டினி கேட்டான், பஸ்ஸுக்குக் காசு கேட்டான், மில்லில் வேலை கிடைத்ததும் பெண் பார்க்கச் சொல்லியும் உங்களிடம்தான் கேட்டான். இப்போது அவனுக்கு என்ன மீசை தெரியுமா.

என் மகன்தான் இப்போது பேச்சைக் குறைத்துவிட்டான். நீங்கள் போனதிலிருந்தே அப்படி. தீபாவளிக்கு என்னலே வேணும் என்றால், "எதுனாலும் சரி" என்கிறான். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது அக்கா. ஆனால் இன்று அந்தத் துணுக்கைப் பார்த்த பிறகு பயம் போய்விட்டது. சமையலைப் போட்டது போட்டபடி, நம்மூர்க் கடைக்கே நேராகப் போய், சத்தமாகவே கேட்டு ஒரு சவரப் பெட்டி வாங்கினேன்.

"பிளேடும் வைக்கவாம்மா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். அவன் வந்து கேப்பான்" என்றேன்.