வெள்ளை சிமென்ட்

அன்புள்ள அம்மா, முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

லேபில் நான் செய்யும் பீங்கான் பல் ஓடு நகம்போல மெல்லியது. அதைப் பல்லின் மேல் ஒட்டும் சிமென்டின் நிறம் வெளியே தெரியும். அது எங்கள் பல் டாக்டருக்கும் தெரியும். ஆனாலும் நேற்று அவசரத்தில் வெள்ளை சிமென்டை அப்பிவிட்டார். கல்யாணப் பெண்ணின் முன்பற்கள் சுண்ணாம்படித்த சுவராகிவிட்டன. என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவர் செஞ்ச தப்பும்மா" என்றார். வேலை போய்விடுமே என்று நானும், "ஆமாங்க, மன்னிச்சிடுங்க" என்றேன். அவள் அழுதாள். டாக்டர் எனக்கு டீ வாங்கித் தந்தார், பெரிய மனசு!

கழுத்துவலித் தைலம் யாரிடமாவது கொடுத்தனுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். போன கடிதத்தோடு அனுப்பிய படத்தில் என் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டாயே, அதில் நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், அம்மா. அடியில் இருப்பது தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

உன் மகன்